மூன்றாம் வேற்றுமை

2024 நவம்பர் 26, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டு மணி இருபது நிமிடம், கடும் மழை. குற்றப்பத்திரத்தில் இவை யாவும் பிழையின்றி எழுதப்பட்டிருந்தன. மண்மேடு சரிந்த நேரத்தை நிமிடக் கணக்கில் குறித்தவர்களுக்கு, அதற்குப் பின் நடந்ததைக் குறிக்க ஒரு சரியான சொல் கிடைக்கவில்லை. "மேற்படி உத்தியோகத்தர் தமது பொறுப்பிலிருந்த பதினான்கு சிறுவர்களையும் ஒற்றைக் கையால் வெளியேற்றிக் கவனயீனமாக நடந்துகொண்டமையும், அதன் விளைவாக மூன்று வயதுடைய பிரதீஷ் எனும் சிறுவனின் வலது கை முறிவடைந்தமையும்" என்று அந்த வாக்கியம் பயனிலையைத் தேடிப் பக்கத்தின் பாதி வரை நடந்து, கிடைக்காமலே நின்றிருந்தது.

பொங்கல் கழிந்த வெள்ளிக்கிழமை, வரிசை வீடான லயத்தின் வாசற்படியில் நின்று ஜெயலெட்சுமி அதை வாசித்தாள். முதல் முறை வாசித்தபோது வாக்கியத்தின் பயனிலையைத்தான் தேடினாள். அது அவளுடைய பழக்கம். இரண்டாம் முறை வாசித்தபோதுதான் கோபம் வந்தது.

ஸ்பிரிங்வெளிப் பாதையில் பஸ் திரும்பிவிடும் இடத்திலிருந்து இன்னும் மூன்று கிலோமீற்றர் ஏறினால் அவர்களுடைய தேயிலைத் தோட்டம். அதன் மேற்பிரிவில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் காலையில் விட்டுச் செல்லும் பிள்ளைகளை மாலை வரை பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவுக்குப் பதினொரு ஆண்டுகளாக அவள்தான் பொறுப்பு. ஏலெவலில் தமிழுக்கு ஏ எடுத்தவள். பல்கலைக்கழகம் ஒரு புள்ளியின் பின்னங்களில் கைநழுவிப் போனது, இலக்கணம் போகவில்லை. சமுர்த்தி நிவாரணப் படிவத்திலும் தீப்பெட்டி உறையிலும் வாழைக்குலைக் கடைப் பலகையிலும் பிழை பார்க்கும் கண் அவளுக்கு. கோயில் திருவிழா நோட்டீசுக்கு அவள் 'சரி' என்று சொன்ன பிறகே அச்சடிப்பார்கள்.

விசாரணை முடியும்வரை அவள் பிள்ளைகளின் அருகில் போகக் கூடாது என்பது பதுளை மேலிடத்திலிருந்து வந்த அந்தக் கடிதத்தின் இரண்டாம் பந்தி. குற்றம் உறுதியானால், அவள் பெயர் இனி எந்தத் தோட்டத்தின் பிள்ளைக் காம்பராவிலும் பதியப்படாது என்பது மூன்றாம் பந்தி. அந்த இரண்டு பந்திகளிலும் பிழையே இல்லை.

கடிதத்தோடு இணைப்பு ஒன்று இருந்தது. தோட்டத்தின் உதவி மேலாளரான சின்னதுரை, மேடு சரிந்த வாரமே ஆங்கிலத்தில் எழுதிய நான்கு வரி அறிக்கை. அவர் சிங்களவர், இருபத்தாறு வயது, மழையில் ஓடிவந்து பிள்ளைகளை எண்ணிப் பார்த்து, எண்ணிக்கை சரியென்றதும் கோயில் படியிலேயே உட்கார்ந்து அழுதவர். அந்த நான்கு வரியில் ஒரு சொல்லை ஜெயலெட்சுமி விரலால் தொட்டாள். சிங்கிள் ஹேண்டட். பள்ளிக்கூடக் காலத்து அகராதி பரணில் இருந்தது. அட்டை போன அகராதியில் சொல் இருந்தது. 'பிறர் துணையின்றித் தனியொருவரால் செய்யப்பட்ட, பெயரடை.' சின்னதுரை அவளைப் புகழ்ந்திருக்கிறார். பாராட்டுப் பத்திரம் வழங்குமாறு கடைசி வரியில் கேட்டுமிருக்கிறார். அந்தப் புகழ்ச்சி பதுளைக்கும் தோட்டத்துக்கும் இடையில் எங்கோ சறுக்கி விழுந்து, குற்றமாக எழுந்து வந்திருக்கிறது.

சின்னதுரை டிசெம்பரில் எல்ல என்ற ஊர்ப் பக்கம் மாற்றலாகிப் போய்விட்டார். மூன்று முறை தொலைபேசியில் அழைத்தாள். மூன்றாம் முறை எடுத்தவர், தாம் நல்லதையே எழுதியதாகச் சிங்களத்தில் சொல்லி வருந்தினார். எழுத்தில் தருவதானால் இப்போது தமக்கு மேலிருக்கும் துரையிடம் கேட்க வேண்டும் என்றார். பிறகு எடுக்கவில்லை.

சனிக்கிழமை காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தைத் தாண்டி ஆபீசுக்குப் போனாள். பெரிய கிளாக்கர் அழகையா மேசை விளிம்பில் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார். ஐம்பத்தெட்டு வயது; துரைமார் ஒன்பது பேரைக் கண்டவர்; ஒன்பது பேரும் போன பிறகும் அதே கதிரையில் இருப்பவர்.

"இந்தச் சொல்ல யாருங்க ஐயா போட்டது?"

"எந்தச் சொல்லு?"

"ஒற்றைக் கையால்."

"இங்கிலீசுல அப்புடித்தானே இருக்கு. சிங்கிள்னா ஒத்த. ஹேண்டுன்னா கை. ஒனக்குத் தெரியாததா? தமிழ்ல ஏ எடுத்த ஆளாச்சே."

"ஏ எடுத்ததுனாலதான் கேக்குறேன். ஒருத்தர் எனக்குக் கை குடுத்தாருன்னு எழுதியிருந்தா, கைய வெட்டிக் குடுத்தாருன்னு போடுவீங்களா?"

பக்கத்து மேசையில் இருந்த சின்னக் கிளாக்கர் இருமுவதுபோல் சிரித்தார். அழகையா தேநீரைக் கீழே வைத்தார்.

"நான் என்னா இங்க கட்டுரையா எழுதுறேன்? போன்ல போட்டேன். போன் சொன்னிச்சு. டைப் அடிச்சேன். ஒரு நாளைக்கு நாப்பது கடுதாசி மூணு பாசையில. ஒவ்வொண்ணுக்கும் ஒன்னையக் கூப்புட்டுக் கேக்க முடியுமா?"

"கேட்டிருக்கலாம். கூப்புடு தூரத்துலதான் இருக்கேன். சரிங்க, தெரியாம வந்த பெழ. இப்ப தெரிஞ்சிருச்சில்ல? மாத்தி ஒரு கடுதாசி அனுப்பிருங்க."

அழகையா சின்னக் கிளாக்கரைப் பார்த்தார். அவர் எழுந்து வெளியே போனார். கதவு சாத்தப்பட்டது.

"உக்காரு. மாத்துறோம்னே வையி. தனியான்னு போடுறோம். பதுளையில கேப்பானா இல்லியா, ஏன் தனியா? ரெண்டு பேர் இருக்க வேண்டிய எடத்துல இன்னொரு ஆள் எங்க? அப்ப நான் யாரு பேர எழுதுறது? கணக்கப்பிள்ளையவா? தொரையவா? ஒத்தக் கைன்னா ஒன்னோட முடிஞ்சிரும். நானும் ரெண்டு வார்த்த சொல்லி வைக்கிறேன், ஒரு எச்சரிக்கையோட விட்டுருவான். தனியான்னா மேல வரைக்கும் ஏறும். வெளங்குதா?"

விளங்கியது. பிழை எவர் கண்ணிலும் படாமல் போகவில்லை. கண்டுபிடிக்கப்பட்டு, பயனுள்ளது என்று தீர்மானிக்கப்பட்டு, வைத்துக்கொள்ளப்பட்டிருந்தது.

மேட்டுப் பாதையில் திரும்பி நடக்கையில் அவளுடைய காதுமடல் சுட்டது. அறியாமை அவளுக்குப் பழகியது. அதற்குச் சிவப்பு மையால் ஒரு கோடு போதும். எழுத்தை அறிந்த மனிதன் அறிந்தே பிழையின் பின்னால் ஒதுங்கி நிற்பதற்கு இலக்கணத்தில் பெயரில்லை. நடந்துகொண்டே அந்த வாக்கியத்தைப் பிரித்தாள். கையால். கை கூட்டல் ஆல். மூன்றாம் வேற்றுமை, கருவிப் பொருள். வாளால் வெட்டினான் என்பதுபோல. மூன்றாம் வேற்றுமைக்கு இன்னோர் உருபும் உண்டு: ஓடு. உடனிகழ்ச்சிப் பொருள். தாயோடு வந்தான் என்பதுபோல. அன்றைக்கு அந்த உருபை ஏற்க அவள் பக்கத்தில் ஒரு பெயர் இருக்கவில்லை. பூவம்மாவோடு என்று எழுத முடியாத நாள் அது.

உதவியாளர் பூவம்மாவை அன்று காலை ஏழரைக்கு, மலை வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை வந்து கூட்டிப் போயிருந்தார். கொழுந்து முற்றுகிறது, ஏழாம் நம்பர் மலையில் ஆள் பற்றாது என்றார். பன்னிரண்டு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் இருவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்ற அறிவித்தலை அவள் காட்டினாள். கண்ணாடிச் சட்டம் போட்டுப் பின்சுவரில் மாட்டியிருந்த அறிவித்தல் அது. அவர் அதைப் பார்த்து, எழுத்து அழகாக இருக்கிறது என்றார். இரண்டு இருபதுக்கு மேடு சரிந்து பின்பக்கக் கானை அடைத்தது. கானில் போக வேண்டிய தண்ணீர் கதவுக்கடியால் உள்ளே வந்தது. தொட்டில் சேலை ஒன்றை அவிழ்த்து, நடக்கக்கூடிய ஏழு பிள்ளைகளையும் அதைப் பிடிக்க வைத்துக் கோயில் மண்டபத்துக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள். திரும்பி வந்து இரண்டு கைக்குழந்தைகள். பிறகு இரண்டு. பிறகு இரண்டு. மண்டபத்தில் எண்ணியபோது பன்னிரண்டுதான் இருந்தன. தொட்டிலில் ஒன்று மிச்சம் என்பது தெரியும். மற்றது, சேலையை விட்டுவிட்டுச் செருப்பை எடுக்கத் திரும்பி ஓடியிருந்த பிரதீஷ். மேசைக்கு அடியில் இருந்தான். சுவரில் வெடிப்பு கூரைவரை போயிருந்தது. இடது கையில் ஏழு மாதக் குழந்தை. வலது கையால் அவனுடைய மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். பச்சைக் குச்சி முறியும் சத்தம் அந்த மழையிலும் கேட்டது. அவர்கள் வாசலைத் தாண்டியதும் பின்சுவர் விழுந்தது, அறிவித்தலோடு.

இதுதான் அவளுக்குள் இருந்த முள். பதினான்கில் ஒன்றை அவள் ஒற்றைக் கையால்தான் இழுத்தாள். தொலைபேசி தவறுதலாகச் சொன்ன சொல் அந்த ஓர் இடத்தில் மட்டும் தவறில்லை.

மறுநாள் பீலியடியில் தண்ணீர் பிடிக்க நின்றபோது பிரதீஷின் தாய் பிரஷாந்தினி வந்தாள். இடுப்பில் மகன், அவன் கையில் அழுக்கேறிய மாவுக்கட்டு. "டீச்சர், கோயில்ல வேணும்னாலும் சத்தியம் பண்றேன், ஒங்க மேல நான் புகார் ஒண்ணும் எழுதிக் குடுக்கல. ஆஸ்பத்திரிக் கடுதாசின்னு சொல்லித்தான் கையெழுத்து வாங்குனாங்க." சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள். பிரதீஷ் மாவுக்கட்டைத் தட்டிக் காட்டி, "டீச்சர், கல்லு" என்றான்.

பக்கத்தில் நின்ற பூவம்மா குடத்தை நிமிர்த்தி வைத்தாள். பேச்சை மாற்றத் தெரிந்தவள். "ஒத்தக் கையால பதினாலு புள்ளையாமே! நான் ரெண்டு கையாலயும் பறிச்சே இருவது கிலோ தேறல. டீச்சர மலைக்கு அனுப்பியிருந்தா தோட்டத்துக்கு லாபம்."

பீலியடி சிரித்தது. ஜெயலெட்சுமி சிரிக்கவில்லை.

"பூவம்மாக்கா, பதுளைக்கு வந்து சொல்லுவீங்களா? யாரு ஒங்கள மலைக்குக் கூட்டிப் போனாங்கன்னு."

சிரிப்பு நின்றது. பூவம்மா வெகுநேரம் குடத்தின் கழுத்தைத் துடைத்தாள். "எனக்கு வேல முடிய இன்னும் ரெண்டு வருசந்தான் டீச்சரு இருக்கு" என்றாள். அதற்கு மேல் எவரும் அவளிடம் கேட்கவில்லை.

பெப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை. பதுளையில் வெயில். பஸ் நிலையத்தை அடுத்த மாடியில் இருந்தது விசாரணை நடக்கும் அறை. விசாரணை அதிகாரி ஹிஷாம் நாற்பது வயது மதிக்கத்தக்கவர். மூக்குக்கண்ணாடியை அடிக்கடி கழற்றித் துடைத்தார். தோட்டத்தின் சார்பில் அழகையா இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். ஜெயலெட்சுமி அகராதியை ஒரு துணிப் பையில் கொண்டு வந்திருந்தாள்.

"குற்றச்சாட்ட வாசிச்சீங்களா?"

"வாசிச்சேன் சேர். அதுல ஒரு வாக்கியம் முடியல. ஒரு சொல் பிழை."

ஹிஷாம் நிமிர்ந்தார். அவள் அகராதியைத் திறந்து மேசையில் வைத்தாள். ஆங்கில அறிக்கையையும் குற்றப்பத்திரத்தையும் அதன் இருபுறமும் வைத்தாள். சொல்ல வேண்டியவற்றை இரவெல்லாம் அடுக்கி வைத்திருந்தாள். அந்த ஆங்கிலச் சொல்லில் கை இருக்கிறது, ஆனால் அது கையைக் குறிக்கவில்லை. ஆள் ஒருவர் என்பதையே குறிக்கிறது. தமிழில் 'தனியொருவராக' என்று வந்திருக்க வேண்டும். 'ஒற்றைக் கையால்' என்றால் மற்றக் கை சும்மா இருந்தது என்று பொருள்படும்.

"என் மற்றக் கை சும்மா இருக்கல சேர்."

ஹிஷாம் மூன்று தாள்களையும் மாறி மாறிப் பார்த்தார். சின்ன வயதில் பள்ளியில் அடி வாங்கிய பாடமொன்று நினைவு வந்தவர்போல் மெல்லச் சிரித்தார். பிறகு சிரிப்பை எடுத்துவிட்டார்.

"சரி. ஆனா நான் ஒண்டு கேக்கணும். இந்தப் பிள்ளை பிரதீஷ். அவர எப்படித் தூக்கினீங்க?"

அழகையா கதிரையில் அசைந்தார். இல்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால் மறுக்க அறையில் ஆளில்லை. ஆனால், சொல் சரியாக இருக்க வேண்டும் என்று கேட்டு வந்தவள் அவள்.

"தூக்கல. இழுத்தேன். ஒரு கையால. மற்றக் கையில ஏழு மாசக் குழந்த இருந்திச்சு. அந்த ஒரு எடத்துல நீங்க ஒற்றைக் கையால்னு எழுதலாம் சேர். ஆனா அதுக்குப் பக்கத்துலயே தனியாகன்னும் எழுதணும். அது இல்லாட்டி இது பொய்."

ஹிஷாம் பேனாவை எடுத்து, குற்றப்பத்திரத்தில் இரண்டு சொற்களை ஒரே கோட்டால் அடித்தார். மேலே 'தனியாக' என்று எழுதி ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டார். அடுத்த கேள்வி அழகையாவை நோக்கிப் போனது.

"ஏன் தனியா?"

"உதவியாளர் பூவம்மா அண்டைக்குத் தன்ட விருப்பத்துல மலைக்குப் போயிருக்கா சேர்" என்றார் அழகையா. பதுளைக்கு வந்தால் அவருடைய தமிழும் சற்று உடை மாற்றிக்கொள்ளும். "கூடக் கொழுந்து எடுக்கலாம்னு."

"யாரு, நானா?"

குரல் வாசலிலிருந்து வந்தது. பூவம்மா திருவிழாச் சேலையில் நின்றுகொண்டிருந்தாள். அடுத்த பஸ்ஸில் ஏறி வந்திருக்கிறாள்; நெற்றியில் வியர்வை, கையில் செருப்பு. "எனக்கு முட்டி வலி கிளாக்கர் ஐயா. மூணு படி ஏறுனா மூச்சு வாங்கும். நான் ஆசப்பட்டு ஏழாம் நம்பர் மலைக்கு ஏறுனேனா? கணக்கப்பிள்ளை வந்து நின்னு, வர்றியா இல்ல பேர வெட்டவான்னு கேட்டாரு. தொரை சொல்லித்தான் கேக்குறேன்னாரு. அத எழுதுங்க சார்." பிறகு செருப்பைக் கீழே போட்டுவிட்டு, "நாலு தமிழ்ச் சொல்லு சரியா எழுதத் தெரியாதவங்க ஆபீசுல இருக்காங்க. எழுதத் தெரிஞ்சவ வீட்டுல இருக்கா" என்றாள்.

ஹிஷாம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். தீர்ப்பைத் தாம் எழுதுவதில்லை என்றும், சிபாரிசு மட்டுமே செய்வதாகவும், முடிவில் கையொப்பமிடுவது மேலிடம் என்றும் சொன்னார். வாசல் வரை வந்தவர், "இந்த அகராதி எங்க வாங்கலாம்?" என்று கேட்டார்.

அதன்பின் ஒரு மாதம். பூவம்மாவைக் கணக்கப்பிள்ளை தினமும் பாதை முடியும் உச்சிமலைக்கே அனுப்பினார். அவள் முட்டியில் எண்ணெய் தடவிக்கொண்டு போனாள். கோயில் மண்டபத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள, பிள்ளைகளின் பெயர்களை அறியாத ஒரு பெண் வந்தாள். மாலையில் தாய்மார் ஜெயலெட்சுமியின் வாசலில் நின்று, பிள்ளை சாப்பிடவில்லை, பிள்ளை தூங்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எவரும் குறையாகச் சொல்லவில்லை. அதுவே அவளைச் சுட்டது.

மார்ச் 14, வெள்ளிக்கிழமை, காலை பத்தரை மணிக்கு ஆபீசிலிருந்து ஆள் வந்தது. மலைமுகட்டில் பனி இன்னும் விலகவில்லை. அழகையாவின் மேசையில் ஒரு தாள் மட்டும் இருந்தது. கீழே நீல மையில் நீண்ட கையொப்பம். அவர் முகம் மலர்ந்திருந்தது.

"நல்ல செய்தி. திங்கக்கெழமையிலருந்து வேலைக்கு வா. ஒரு எச்சரிக்க மட்டுந்தான். ஒத்தக் கையையும் எடுத்துட்டாங்க. நீ கேட்ட மாதிரியே."

முத்திரையைத் தேடி இழுப்பறையைத் திறந்தார். தாள் அவர் பக்கம் நேராகவும் அவள் பக்கம் தலைகீழாகவும் கிடந்தது. பிள்ளைகளுக்கு எதிரே உட்கார்ந்து பதினொரு ஆண்டுகளாக எழுத்துச் சொல்லிக் கொடுத்தவளுக்குத் தலைகீழ் எழுத்து நேர் எழுத்தே. 'மேற்படி உத்தியோகத்தர் ஏனையோரை உதவிக்கு அழையாது தன்னிச்சையாகச் செயற்பட்டமை நிரூபிக்கப்பட்டுள்ளதால் அவர் எச்சரிக்கப்படுகிறார்.' வாக்கியம் இம்முறை ஒழுங்காக முடிந்திருந்தது. எழுவாய் இருந்தது, பயனிலை இருந்தது. ஒற்றுப்பிழைகூட இல்லை. பூவம்மாவின் பெயர் எங்கும் இல்லை. ஏழாம் நம்பர் மலை இல்லை. தனியாக என்ற சொல்லை எவரோ கவனமாக எடுத்து, தன் கூட்டல் இச்சை என்று ஆக்கியிருந்தார்கள். தனியாக விடப்பட்டவள் தனியாக இருக்க விரும்பியவள் ஆனாள். மாறியது வெறும் எழுத்தல்ல; ஒரு மனிதரின் விருப்பம் உள்ளே நுழைக்கப்பட்டிருந்தது.

"ஐயா."

"என்னா?"

"தன்னிச்சையாகன்னு போட்டிருக்கே. இது போன் சொன்னதா, மனுசன் சொன்னதா?"

அழகையாவின் கை இழுப்பறைக்குள் நின்றது. முதல் முறையாக அவர் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை.

"இது மனுசந்தான்" என்றார்.

முத்திரை குத்தினார். மை உலர இரண்டு முறை ஊதினார். பெற்றுக்கொண்டதற்கு ஒப்பமிடும் புத்தகத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார். அதில் குறிப்பு என்று ஒரு நிரல் இருந்தது. பதினொரு ஆண்டுகளில் எவரும் அதில் எதையும் எழுதி அவள் கண்டதில்லை. பேனாவை எடுத்து ஒப்பமிட்டாள். குறிப்பு நிரலில், குண்டு குண்டான எழுத்தில், 'சொல் பிழை. மேன்முறையீடு செய்வேன்' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தாள். அழகையா அதை வாசித்தார். வாசித்து முடித்த பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து, ஆபீசில் எதையும் கொடுக்கும் முறைப்படி, தாளை இரு கைகளிலும் ஏந்தி நீட்டினார். தோட்டத்தில் ஆபீஸ் கடிதத்தை எல்லோரும் இரு கைகளையும் நீட்டியே வாங்குவார்கள்; அவளும் அப்படித்தான் வாங்கி வந்திருக்கிறாள்.

ஜெயலெட்சுமி வலது கையை மட்டும் நீட்டினாள். இடது கை அவள் பக்கத்தில், எதையும் பிடிக்காமல், நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது.